காற்றில்லாத காலை

கடலில் கொட்டிய எண்ணெய் பரவாதபடி ஒரு மிதவை வேலி அதை வளைத்து நின்றது. அருகிலிருந்த மணல்திட்டில் ஆலாப் பறவை ஒன்று இரண்டு குஞ்சுகளோடு இருந்தது. “நீங்கள் நிற்கும் தைரியத்தில்தான் தூங்குகிறேன், அண்ணா” என்று அது வேலியிடம் அடிக்கடி சொல்லும்.

புயல் நெருங்கியது. வேலியைக் கொண்டுவந்த படகு அவசரப்படுத்தியது.

“அலை உன் தலைக்கு மேல் போனால் கரைக்குத் திரும்புவதென்று முன்பே பேசிவைத்தோமே. ஏறிக்கொள்.”

“ஆலா பார்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்குப் பயமென்றால் நீ போ.”

“அட, வீம்புக்காரா! இந்தக் காற்று எண்ணெயை வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். நாளை காற்று ஓய்ந்ததும் நீரோட்டத்தில் அது திட்டுக்குத் திரும்பும். அப்போதுதான் நீ வேண்டும்.”

வேலி அசையவில்லை. படகு தனியே போயிற்று.

புயல் வேலியைத் துண்டு துண்டாகக் கிழித்தது. திட்டின் மேட்டில் ஒடுங்கிக் கிடந்த குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

மறுநாள் கடல் அலையற்றுக் கிடந்தது. எண்ணெய் நீரோட்டத்தோடு மெல்லத் திரும்பி வந்தது. விரைந்து வந்த படகிடம் விரிப்பதற்கு எதுவும் இல்லை.

கூட்டருகே ஒதுங்கிக் கிடந்த வேலித் துண்டிடம் ஆலா குனிந்தது.

“அண்ணா, அவ்வளவு பெரிய புயலில் நின்றீர்களே. இன்று காற்றுகூட இல்லை. கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.”