பெனாபோல் வரைக்கும்

“இந்த மூங்கிலைத் தாண்டி எங்கப்பனே வந்தாலும் இன்ஜின் வண்டி போகாதுக்கா. திருப்பச் சொல்லுங்க.”

சாலைக்குக் குறுக்கே கட்டிய மூங்கிலில் கையை ஊன்றிக்கொண்டு தயேப் அலி சொன்னான். ஜிகர்காச்சா முச்சந்தியில் அன்று அவன் வைத்ததுதான் சட்டம். வங்கதேசத்து ஜெஸ்ஸூரிலிருந்து இந்திய எல்லைக்குப் பஸ் ஓட்டியே தலை நரைத்தவன். வேலைநிறுத்தம் என்று சங்கம் சொன்னதும் முதல் ஆளாகச் சாவியைக் கழற்றிக் கொடுத்தவனும் அவன்தான்.

வாடகைக் காரிலிருந்து இறங்கிய ரோஷனாரா கெஞ்சவுமில்லை, கத்தவுமில்லை. பின்சீட்டில் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்த கணவரைக் காட்டினாள். வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. எல்லைக் கதவைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். இன்று தாண்டாவிட்டால் அப்புறம் ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று நிதானமாகச் சொன்னாள். கார்க்காரனுக்குக் கல்லடியில் கண்ணாடி போய்விடுமே என்றுதான் கவலை. நோயாளியையும் பெட்டியையும் டீக்கடை பெஞ்சில் இறக்கிவிட்டு, வந்த வழியே பறந்துவிட்டான்.

“காலால மிதிக்கிற வண்டியைத் தடுக்க மாட்டீங்க இல்ல?” என்று கேட்டாள் அவள்.

தடுக்கமாட்டார்கள்தான். ஆனால் அந்த வெயிலில் எல்லையில் இருக்கும் பெனாபோல் வரைக்கும் மிதிக்க எவன் வருவான்? நின்றிருந்த மூன்று சக்கரப் பலகை வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். தயேப் அலிதான் காய்கறிக்காரனின் வண்டியை இழுத்து நிறுத்தி, பலகையில் வைக்கோலைப் பரப்பினான்.

“ஏறுங்கக்கா. ஸ்ட்ரைக் இன்ஜினுக்குத்தான், மனுஷனுக்கு இல்ல.”

“உஸ்தாத், அதுல பிரேக் எங்க இருக்குன்னாவது தெரியுமா?” என்று சங்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ் ஓட்டியவன் பலகை வண்டி மிதித்தால் எப்படி இருக்கும்? பின்னால் நாற்பது சீட்டு வருவதைப் போல ஒவ்வொரு வளைவிலும் அகலமாகத் திருப்பினான். ஆடு குறுக்கே வந்தால் கை ஹாரனைத் தேடியது. கால் மிதிக்க மிதிக்க வாயும் சேர்ந்து ஓடியது.

வேலூருக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிட்னிதான் என்று அவனே முடிவு கட்டி, இளநீரின் மகிமையை விளக்கினான். ரோஷனாரா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பாலத்து ஏற்றம் வந்ததும், அவன் சொல்லும் முன்பே குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினாள். இப்படி ஒரு பெண்பிள்ளையா என்று அவன் வியந்துபோனான்.

கோட்காலி வந்ததும் சம்பங்கி வயல்களின் வாசம் அடித்தது. பேச்சு வேலைநிறுத்தத்துக்குத் திரும்பியது.

“இதோ, இந்த ஆலமரத்துக்கிட்டதான்க்கா நடந்துச்சு. சைக்கிள் நிறையப் பூவை ஏத்திக்கிட்டு ஒரு பூக்காரன் கண்ணை மூடிக்கிட்டு பஸ்ஸுக்குக் குறுக்கே வந்துட்டான். அவன் சொகமா ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். ஓட்டின எங்க லோக்மான் ஜாமீன் இல்லாம ஜெயில்ல கிடக்கான். அதுக்குத்தான் இந்த ஸ்ட்ரைக்கே. எந்த ஊரு நியாயம் இது?”

ரோஷனாரா போர்வையைக் கணவரின் முகம் வரைக்கும் இழுத்துவிட்டாள். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டான். பிறகு அவள் கேட்டாள்.

“அந்த லோக்மான் வீட்ல யார் யார் இருக்காங்க? பிள்ளைங்க சாப்பிடறாங்களா?”

தயேப் அலி மிதிப்பதையே நிறுத்திவிட்டான். அந்த மூங்கிலண்டை நின்று அவன் வாங்காத வசவு இல்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள் என்றும், சங்கத்தில் அரிசி வசூலித்துக் கொடுக்கிறோம் என்றும் சொன்னான்.

அப்போதுதான் போர்வையை லேசாக விலக்கிப் பார்த்த கணவர் முதல் தடவையாகப் பேசினார்.

“ரோஷன், அவரை இறங்கி தண்ணி குடிக்கச் சொல்லு. கால் நடுங்குது பாரு.”

பலகை குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த மனிதர் அவர். அவருக்கா அடுத்தவன் கால் கண்ணில் பட்டது? அடிகுழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வெறி பிடித்தவன் மாதிரி மிதித்தான்.

எல்லைக் கதவை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுமைக்காரர்கள் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். ரோஷனாரா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தயேப் அலி கையெடுத்துத் தடுத்தான்.

“ஸ்ட்ரைக் அன்னிக்குக் கூலி வாங்கினா அது துரோகம்க்கா. எங்க லோக்மான் வெளியே வரணும்னு துவா பண்ணுங்க, அது போதும்.”

நாற்காலியில் உட்கார வைக்கும்போது போர்வை நழுவியது. இடுப்பிலிருந்து பாதம் வரை கம்பியும் மாவுக்கட்டுமாக ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. தயேப் அலி விழித்தான்.

“லோக்மான் வந்துடுவார் தம்பி. காலையில ஆஸ்பத்திரிக்குப் போலீசை வரச்சொல்லி, தப்பு அவர் மேல இல்லைன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்,” என்றார் அவர். “நீங்க சொன்னதுல ஒண்ணுதான் சரியில்ல. நான் கண்ணை மூடிக்கிட்டு வரல. சம்பங்கிக் கட்டு சரிஞ்சு கண்ணை மறைச்சிருச்சு.”