இல்லை சொல்லாத ஞாயிறு

“இண்டைக்குப் பொழுதுபடும் வரைக்கும் உங்கடை வாயிலை ‘இல்லை’ எண்ட சொல்லு வரக்கூடாது. வந்தால் நீங்கள் தோத்துப்போனியள்.”

கொடிகாமம் பஸ் நிலையத்தில் நின்றபடி உதயகலா சட்டம் போட்டாள். அவள் புருசன் குகதாசன், ஞாயிற்றுக்கிழமையும் விடாத வேலைப் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“‘ஏலாது’ எண்டு சொல்லலாமோ?”

“அது ‘இல்லை’யின்ரை தம்பி.”

“‘பாப்பம்’?”

“அது மச்சான். ஒண்டும் சரிவராது. நான் என்ன சொன்னாலும் ‘ஓம்’ எண்டவேணும். வெறும் ஓமும் காணாது, உங்கடை பங்குக்கு ஒண்டு கூட்டிச் சொல்லவேணும். வழியிலை எதும் பிழைச்சாலும் கோவிக்கக் கூடாது, அந்தப் பிழையோடையே போகவேணும். பயணம் போற ஆக்களுக்கு நல்லதெண்டு றேடியோவிலை சொன்னவை.”

றேடியோ பொய். சொல்லித் தந்தவன் மருமகன் கிருஷாந். எழுதி வைத்த வசனம் எதுவுமில்லாமல் நாலு பெடியளோடு மேடையில் ஏறி, ஒருவன் சொன்னதை மற்றவன் ஓம் என்று பிடித்துக்கொண்டு சிரிப்புக் காட்டுகிறவன். கூத்துக்காரனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று குகதாசன் நின்றார். மகள் பிரசாந்தி கேட்கவில்லை. கலியாணப் பதிவு எழுத்தை முடித்துக்கொண்டு நெல்லியடிக்குப் போய்விட்டாள்.

“உவன்ரை வாசல் படலையை நான் திறக்கமாட்டன்” என்று மனுசன் சத்தியம் பண்ணி இரண்டு வருசம். அவர் மேசன் வேலைக்குப் போன பிறகு, புதன்கிழமைகளில் உதயகலா மட்டும் ஒளித்துப் போய் வருவாள்.

இன்றைக்கு எட்டு மாதப் பேத்திக்குப் பல்லுக்கொழுக்கட்டை. பல் முளைத்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி, எதை எடுக்கிறாள் என்று பார்க்கிற நாள். “அப்பா வராமல் கொழுக்கட்டை கொட்டமாட்டன் அம்மா” என்று பிரசாந்தி போனில் ஒரே பிடியாய் நின்றாள். பன்னிரண்டு மணிக்கு முன்னம் மனுசனை அந்தப் படலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

“இரண்டு விதி காணும் மாமி. மூண்டாவதை நேரம் வரேக்கை சொல்லுறன்” என்று கிருஷாந் சிரித்திருந்தான்.

சந்தைக்கு என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

“சந்தையை விடுங்கோ. உந்தப் பருத்தித்துறை பஸ்ஸிலை ஏறுவம்.”

குகதாசனின் வாய் திறந்தது. திறந்த வாயை ஒருதரம் மூடி, “ஓம்” என்றார். “ஏறுறதோடை, யன்னல் சீற் எனக்கு.”

அவளுக்கு நம்ப முடியவில்லை. இந்த மனுசனோடு கீரிமலைக்குப் போனது இன்னும் மறக்கவில்லை. கேணியில் இறங்கினால் தடிமன், காய்ச்சல் வரும். ஐஸ்கிரீம் பல்லுக்குக் கூடாது. கச்சான் கடலை விற்கிறவன் கை கழுவவில்லை. நாள் முழுக்க அதே பாட்டு.

வரணியில் ஒரு கச்சான்காரர் பஸ்ஸில் ஏறினார்.

“வாங்குவமே?”

“ஓம். வாங்கி எனக்கும் தாரும். போனமுறை நீர்தான் முழுக்கத் திண்டனீர்.”

அவள் இரண்டு கடதாசிச் சரை வாங்கினாள். அடுத்த கேள்விதான் கண்டம்.

“நெல்லியடியிலை இறங்கி… ஒரு தேத்தண்ணி குடிப்பமே?”

அந்த ஊர்ப் பெயரை இரண்டு வருசமாய் வீட்டில் யாரும் சொன்னதில்லை. குகதாசன் கச்சான் கோதைக் கசக்கி ஊதினார்.

“ஓம்” என்றார். “ஒரு வடையும்.”

தேத்தண்ணி குடித்து, வடை தின்று முடிக்கப் பதினொன்றரை. வெயில் கொளுத்தியது. “உந்த ஒழுங்கையாலை சும்மா நடப்பம்” என்றாள். “ஓம், குடையை என்ரை தலைக்கும் பிடியும்” என்றார். பதற்றத்தில் அவள் ஒரு ஒழுங்கை முந்தித் திரும்பிவிட்டாள். போய் முட்டினால் மதில்.

இனி வெடிக்கப்போகிறார் என்று அவள் கண்ணை மூடினாள்.

“பிழைச்சதும் நல்லதுக்குத்தான்” என்று குகதாசன் மதிலைத் தடவிப் பார்த்தார். “பூச்சு நல்லாச் செய்திருக்கிறான். வாரும், இஞ்சாலை போவம்.”

அவர் முன்னால் நடந்து அடுத்த ஒழுங்கையில் திரும்பினார். சரியான ஒழுங்கை. அம்மாளாச்சித் தெய்வந்தான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள் என்று உதயகலா நினைத்தாள்.

மகள் வீட்டுப் பச்சைப் படலைக்கு முன்னால் அவளுக்குக் கால் நின்றுவிட்டது.

“இஞ்சாருங்கோ… உந்தப் படலையைத் திறவுங்கோ.”

அவர் படலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டைக் கையால் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

“ஓம்” என்றார். “திறக்கிறதோடை, உள்ளுக்கும் போவம்.”

உதயகலாவுக்குக் கண் நிறைந்தது. இருபத்தேழு வருசத்தில் இந்த மனுசனை அவள் வென்றது இதுதான் முதல்தரம்.

கிருஷாந் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். குகதாசன் வேலைப் பைக்குள் கையை விட்டார். மரத்தில் சீவி மினுக்கிய, மேசன்மார் சாந்து பூசுகிற சாந்தகப்பை ஒன்று, விரல் நீளத்தில், வெளியே வந்தது.

“இந்தாரும் தம்பி, தட்டத்திலை வையும். நேற்றே கொண்டுவர மறந்துபோனன்.”

உதயகலா வாயைப் பிளந்தபடி நின்றாள். பேத்தி ஒரே தாவலாய் அவரிடம் தாவி, பழகிய கையால் மீசையைப் பிடித்தாள்.

“என்ன பாக்கிறீர் கலா? ஒளிச்சு வர உமக்குப் புதன்கிழமை, எனக்குச் சனிக்கிழமை. மூண்டாவது விதியை மருமோன் உமக்குச் சொல்லித் தரேல்லைப் போலை” என்று சிரித்தார் குகதாசன். “கூட வாற ஆளை வெல்ல விடவேணும்.”