பலத்த கரகோஷம்

"கை தட்டாதவன் எவனா இருந்தாலும், நாளைக்கு ஆபீஸ் பக்கம் தலை காட்ட வேணாம்!"

பஸ்ஸின் முன்படியில் நின்று கத்தினார் எவரிஸ்தோ. குடிநீர் ஆபீஸில் அவர்தான் மேலாளர். கட்சிக் கிளைக்கும் அவரே தலைவர். அதே ஆபீஸில் வேலை பார்க்கும் யுலிமார், அவருடைய கட்சிச் சிவப்புச் சட்டையைப் பார்த்தாலே ஒதுங்கிப் போவாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நான் நிறுத்துற வரைக்கும் ஒருத்தரும் நிறுத்தக் கூடாது. புரியுதா?" என்றவர், விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆளுக்கொரு அரேப்பா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஊழியர்கள் பின்னால் இறங்கினார்கள்.

"ஜால்ரா தயாராயிடுச்சுடி," என்று காதைக் கடித்தாள் உடன் வேலை பார்க்கும் நோர்கா. யுலிமாருக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்தலில் பழைய ஜனாதிபதியே ஜெயித்துவிட்டார் என்று அறிவித்து ஒரு வாரம் ஆகிறது. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. கேட்டவர்கள் சட்டிபானையைத் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். எதிரே துப்பாக்கி வந்தது. அவள் தம்பி டெய்விஸும் அப்படி இறங்கியவன்தான். இப்போது அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கிடக்கிறான்.

காலையில் எவரிஸ்தோ அவளை வழிமறித்து, "உன் தம்பி எங்கம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்டிருந்தார். "எனக்கென்ன சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

இன்றைய கூட்டமே அதற்குத்தான். தலைநகரிலிருந்து வந்திருக்கும் கட்சிப் பெரும்புள்ளி, தெருவில் இறங்கியவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரு தொலைபேசி எண்ணை நேரலையில் அறிவிக்கப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரி சும்மாவே சுவரில் காதை வைப்பவள். எண் கிடைத்தால் விடுவாளா?

பொலிவார் சதுக்கத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பெரும்புள்ளி மைக்கைப் பிடித்தார். "வெனிசுலாவின் வீர மக்களே..."

எவரிஸ்தோ தட்டினார். குடிநீர் ஆபீஸ் தட்டியது. நாம் மட்டும் சும்மா நின்றால் வம்பு என்று மின்சார ஆபீஸும் சேர்ந்துகொண்டது. பிறகு ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள். சதுக்கமே அதிர்ந்தது.

பெரும்புள்ளி நெஞ்சில் கை வைத்துப் பூரித்துப்போனார். பிறகு போதும் என்று கையமர்த்தினார்.

"தலைவரோட அடக்கத்தப் பாருங்க! வாழ்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார் எவரிஸ்தோ. சத்தம் இரட்டிப்பானது.

"மக்களே, இந்த எண்ணை..."

"வாழ்க! வாழ்க!"

யார் முதலில் நிறுத்துவது? ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைப் பார்த்தபடியே தட்டினார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் லத்தியோடு ஓடி வந்தார். எவரிஸ்தோவின் சிவப்புச் சட்டையையும், கன்னத்தில் வழிந்த ஆனந்தக் கண்ணீரையும் பார்த்துத் திருதிருவென விழித்தார். கை தட்டியதற்காக யாரைப் பிடிப்பது? லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் தட்ட ஆரம்பித்தார்.

மேடையில் பெரும்புள்ளி தண்ணீர் குடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். வாய் அசைந்தது, ஓர் எழுத்தும் கேட்கவில்லை. அதற்குள் நேரலை முடிந்து, கேமராக்காரன் கேமராவை மூடிவிட்டான். நாடு முழுக்கப் பார்த்தது கைதட்டலை மட்டும்தான். எண்ணை இனி நாளைய கூட்டத்தில்தான் அறிவிக்க முடியும்.

பஸ்ஸில் ஏறியதும் நோர்காவால் அடக்க முடியவில்லை. "ஜால்ரா அடிச்சே அந்தப் பெரும்புள்ளி வாயை அடைச்சிட்டானே, மடையன்! கட்சிக்காரங்களே இவன் தோலை உரிக்கப் போறாங்க பாரு."

யுலிமாரும் ஒரு வாரத்துக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளங்கை இரண்டும் மிளகாய் அரைத்ததுபோல் எரிந்தன.

சட்டென்று சிரிப்பு நின்றது. இருக்கைகளுக்கு நடுவே எவரிஸ்தோ நேராக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். காதில் விழுந்துவிட்டதோ? நோர்கா மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் குனிந்தார். வீங்கிச் சிவந்த கையை யுலிமாரின் இருக்கையில் ஊன்றிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தம்பிய இன்னிக்கே எல்லை தாண்ட வெச்சிடும்மா. நாளைக்கும் தட்ட என் கையில தெம்பு இல்ல."