மூன்று வெள்ளைச் சட்டைகள்

வெளிநாட்டுப் போர்முனைகளிலிருந்து செய்தி எழுதிய ஒருவர் இறந்தபின், அவருடைய காகிதங்களை ஆவணக் காப்பகத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். அதில் ஒரு பத்திரிகைத் துண்டும் குறிப்பு நோட்டும் இருந்தன. எப்படியோ ஓர் ஓட்டல் சலவைச் சீட்டும் வந்து சேர்ந்திருந்தது.

பத்திரிகைத் துண்டுக்குச் சீட்டைக் கண்டாலே ஆகாது.

"உனக்கு இங்க என்ன வேலை? மே ஒன்பது, பத்து, பதினொண்ணு, மூணு நாளும் பதுங்குகுழிச் சேத்துல கிடந்து அவர் என்னை எழுதினார். முதல் பக்கத்துல வந்தவனாக்கும் நான்!"

"எங்கிட்டயும் அதே மூணு தேதிதான் இருக்கு," என்றது சீட்டு. "தினம் ஒரு வெள்ளைச் சட்டை வெளுக்கப் போட்டிருக்கார். ஒண்ணுல டீக்கறை. எதுலயும் சேறு இல்ல."

"பொய்! உன்னை யாரோ வேணும்னே உள்ள நுழைச்சிருக்காங்க. நோட்டு, நீயே சொல்லு."

நோட்டு தன்னைப் புரட்டிப் பார்த்தது. அந்த மூன்று நாளுக்கும் அதன் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

மறுநாள் காப்பாளர் தமயந்தி வேண்டாத தாள்களைக் கழிக்க வந்தார். பத்திரிகைத் துண்டு அவசரமாகத் தன் சுருக்கங்களை நீவிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து நோட்டு லேசாகத் திறந்து, "சீக்கிரம் உள்ள வா" என்று சீட்டிடம் கிசுகிசுத்தது.

தமயந்தி இரண்டு வெற்று உறைகளைக் கழித்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

"தொலைஞ்சுதா அது?" என்றது பத்திரிகைத் துண்டு.

"தொலைஞ்சுது," என்றது நோட்டு.

பத்திரிகைத் துண்டு நிம்மதியாகப் படுத்தது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கி நோட்டை ஏற இறங்கப் பார்த்தது.

"அது சரி, நீ ஏன் திடீர்னு உப்பியிருக்கே?"