ஈரல் மருந்துக்காரர் சம்சாரம்

“உங்கப்பன் மருந்து உங்கம்மாளுக்கே கேக்கலையாடி?” என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கவிதா கேட்டாள்.

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

அப்பா மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான சோளக்காட்டில் பஸ் நிற்குமிடத்தில் சாக்கு விரித்து ஈரலுக்கு வேர்க் கஷாயம் விற்கிறார்.

அம்மாவின் இடது கண்ணைப் புற்றுநோய் என்று முன்பே எடுத்துவிட்டார்கள். இப்போது அது ஈரலில் இருக்கிறது. ரத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டதாம். தொடை வழியாகக் குழாய் விட்டு ஈரலுக்கே மருந்து ஏற்றலாம், ஒரு தடவையோடு முடியாது, காமாலை வருவதற்குள் தொடங்க வேண்டும் என்றார் டாக்டர்.

அப்பா விடவில்லை.

“ஈரலுக்கு மருந்து விக்கறவன் பொண்டாட்டி ஈரலுக்கு ஆஸ்பத்திரி போனா, எவன்டி எங்கிட்ட வாங்குவான்?”

அம்மா சோற்றைத் தொடாமல் கிடந்தாள். கடைசியில், அவளை ஆஸ்பத்திரிக்கு விடுவதற்கு அப்பா ஒரு வழி சொன்னார். பஸ் வரும்வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கேட்பவர்களிடம், இதைக் குடித்துத்தான் குணமானேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

இன்று ராசிபுரத்துக்காரி ஒருத்தி கணவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள்.

“கட்டியே கரைஞ்சு போச்சுங்க. எங்கூட்டுக்காரியவே கேளுங்க,” என்றார் அப்பா.

அவள் அம்மாவின் முன்னால் குந்தினாள். “நெசமாங்களாக்கா? இவரைப் பெரிய ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்றாங்க. இதுலயே கேட்டுச்சுன்னா அங்க எதுக்குங்க போறது?”

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரிச் சீட்டும் பணமும் வைத்த எங்கள் பை அப்பாவின் காலுக்கு அடியில் இருந்தது.

“எனக்குக் கேட்டுதுங்க,” என்றாள் அம்மா.

ராசிபுரத்துக்காரி கஷாய பாட்டில்களை வாங்கிக்கொண்டாள். அப்பா பையைத் தூக்கி என்மேல் எறிந்தார்.

அவர்களும் அதே பஸ்ஸில் ஏறினார்கள். கணவனை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு அந்த அக்கா எங்களோடு உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்க எதுவரைக்கும் கண்ணு?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியாட்களிடம் நான் வாய் திறக்கமாட்டேன் என்ற தைரியம் அவளுக்கு.

“ஆஸ்பத்திரிக்குங்க,” என்றேன். “அம்மா ஈரல்ல கட்டி அப்படியேதான் இருக்குது.”

அந்த அக்கா அம்மாவின் கையை விட்டாள்.

“த்தூ. நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன் புருசனை வந்து பாத்துக்கறேன், இரு.”

கடைசி வளைவு வரைக்கும் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அந்த அக்கா கணவனைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். அம்மா என் மடியிலிருந்த பையை எடுத்தாள். நானும் எழுந்தேன்.

என் தோளை அழுத்திச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அம்மா பையோடு தனியாக இறங்கி ஆஸ்பத்திரிக்குள் போனாள்.