பிசிறடித்த ஸ்வரம்

“மூணாவதும் வந்துடுச்சுப்பா. ‘வருந்துகிறோம்’னுதான் ஆரம்பிக்குது. முழுசா வேற படிக்கணுமா?”

அனிகா செல்போனைச் சாப்பாட்டு மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். சீஸ் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்த அப்பா வெண்டல் அடுப்பை அணைத்தார். ஒரு பக்கம் ஏற்கெனவே கருகிவிட்டிருந்தது.

“கோடை இசை முகாம்தானே. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே முடிஞ்சிரும். இந்தக் கோடையில போனாத்தான் இசைக் கல்லூரிக்காரங்க திரும்பிப் பார்ப்பாங்க. தெரியாத மாதிரி பேசாதே.”

வெண்டலுக்குத் தெரியும். நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் மோதும் இடம். ஹார்ன் வாசிப்பவர்களுக்கு ஒவ்வொரு முகாமிலும் நாலைந்து இடங்கள்தான். நத்தை போலச் சுருண்ட அந்தப் பித்தளைக் குழலை அனிகா பத்து வயதில் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பொம்மை எதையும் தொடவில்லை.

“அந்த ஒரு ஸ்வரம்தான்பா. ரெண்டாவது பக்கத்துல, மூச்சு வாங்கிட்டு மேல ஏறுவேனே, அங்க பிசிறடிச்சுதே... அதுதான் என் தலையில மண்ணைப் போட்டுது.”

“அது காரணமா இருக்காது.”

“உனக்கு எப்படித் தெரியும்? உன் ரேடியோவுல மீன்பிடிச் சங்கத் தலைவரோட இருமலை வெட்டி எடுக்கற மாதிரியா இது?”

“மேயரோட இருமலையும் எடுப்பேன்.”

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். இன்று ஜன்னலைப் பார்த்தாள். மார்ச் பிறந்தும் டுலூத் நகரத்து ஏரி பனியாக இறுகித்தான் கிடந்தது.

மூன்று முகாம்களுக்கும் ஒரே பதிவு. நடுவர்களுக்கு முகம் தெரியாது, பெயர் தெரியாது, சத்தம் மட்டும்தான். நடுவில் நிறுத்தாமல், ஒரே தடவையில் வாசித்ததாக இருக்க வேண்டும். வெண்டல் தான் வேலை செய்யும் வானொலி நிலையத்திலிருந்து நல்ல மைக்குகளாகக் கொண்டுவந்து தேவாலயக் கூடத்தில் வைத்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க, உதடு வீங்கும்வரை வாசித்தாள். கடைசியாக வாசித்தது அற்புதமாக வந்தது. அந்த ஒரு இடம்தான் சறுக்கியது.

“இதையே அனுப்பிடுப்பா. இதுக்கு மேல உதட்டுல ஒண்ணும் பாக்கி இல்ல” என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் காரிலேயே அழுதபடி தூங்கிப்போனாள். அனுப்பி வைத்தது வெண்டல்தான்.

“ஹார்னைப் பள்ளிக்கூடத்துல திருப்பிக் குடுத்துடறேன்” என்றாள் இப்போது.

யோசிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் மூன்று இடமும் வேண்டாம் என்ற பிறகு, பிள்ளைக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பது பாவம் என்று அவருக்குப் பட்டது. இவளுடைய உயரம் இவ்வளவுதான் போலிருக்கிறது.

“சரி. இன்னிக்கே போயிடலாம்.”

அனிகா சட்டென்று நிமிர்ந்தாள். அப்பா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

காரில் ஹார்ன் பெட்டியைப் பின் சீட்டில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“ஹார்னோட வாய்க்குள்ள கை விட்டு விட்டு, என் வலது கை எப்பவும் பித்தளை வாசனைதான் அடிக்கும். இனிமே போயிடும்ல?”

“சோப்பு போட்டா போயிடும்” என்றார் வெண்டல். சொன்ன பிறகு, இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இசை வகுப்பில் டிபெட்ஸ் டீச்சர் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தார். அனிகாவின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த மூணுல ஒரு முகாம்ல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். ஏன் இப்படின்னு கேட்டேன். உன் மேல எனக்குக் கோபம், அனிகா.”

“தெரியும் மிஸ். அந்தப் பிசிறு.”

“பிசிறா? பிசிறு எங்கே இருந்துது? இருந்திருந்தா மன்னிச்சிருப்பாங்க. ஹார்ன்ல பிசிறடிக்காதவங்க யாரு, நானா? அங்க கேட்ட நடுவர்கள் மூணு பேரும் உன்னைத்தான் முதல்ல வச்சாங்களாம்.”

அனிகா பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். “அப்புறம்?”

“இன்னொரு தடவை போட்டுக் கேட்டிருக்காங்க. அந்த மேல் ஸ்வரத்துக்கு முன்னாடி மூச்சு வாங்கற சத்தமே இல்லையாம். அவ்வளவு நீளமா வாசிச்சிட்டு, மூச்சு வாங்காம அங்க யாரால ஏற முடியும்? வேற எப்பவோ வாசிச்சதைக் கொண்டுவந்து ஒட்டியிருக்குன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. மத்த ரெண்டு இடத்துக்கும் போனது அதே பதிவுதானே? முதலாவதா வந்த பொண்ணு நீ. உனக்கு எதுக்கு இந்தத் திருட்டு வேலை?”

அனிகா மெதுவாகத் திரும்பினாள்.

வெண்டல் கதவருகே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரேடியோவில் மூச்சுச் சத்தம் என்பது குப்பை. எதை வெட்டி ஒட்டினாலும் முதலில் அவர் கை துடைத்துப் போடுவது அதைத்தான்.

“அப்பா,” என்றாள் அனிகா. “என் மூச்சை என்ன பண்ணினே?”