கை வைக்கக் கூடாத என்ஜின்

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் மாப்பிள்ளை தொலைந்தான்.

மாமனாரின் பச்சை என்ஜின் மேசைமேல் மூடி கழன்று, வயிறு திறந்து கிடந்தது. மாடி அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு அவர் ஓட்டுகிற குட்டி ரயிலின் என்ஜின். உள்ளங்கை நீளம்தான். அந்த வீட்டில் அதற்கிருக்கும் மரியாதையில் கால்வாசிகூட மாப்பிள்ளைக்குக் கிடையாது.

வேலை போய், வாடகை வீட்டைக் காலி செய்து, மனைவியோடு இங்கே வந்து ஒண்டியிருக்கிறான். வந்த நேரமோ என்னவோ, அதுவரை ஜோராக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் திக்கித் திணற ஆரம்பித்தது. அவன்தான் எதையோ நோண்டிவிட்டான் என்று மாமனார் முடிவுகட்டிவிட்டார். சாப்பிடும்போது முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“இனி அதுல கை வச்சீங்கன்னா, வேற வீடு பார்த்துக்கோங்க மாப்பிள்ளை.”

செய்யாத குற்றத்துக்கு எத்தனை நாள்தான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவது? கோளாறைச் சரிசெய்து, மூச்சுக் காட்டாமல் திரும்ப வைத்துவிடுவது என்று துணிந்துவிட்டான்.

சக்கரங்களோடு சேர்ந்த மோட்டாரைக் கழற்றினான். அடக் கடவுளே, எண்ணெய்! ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் கிண்ணத்தோடு கவிழ்த்திருந்தது. கார்பன் தூளும் எண்ணெயும் குழைந்து மையாய் அப்பிக் கிடந்தன. இத்தனை வருஷம் ரயில் ஓட்டுகிற மனுஷர் செய்கிற காரியமா இது?

காந்தத்தை வெளியே எடுத்தான். வழித்தான், துடைத்தான், செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தான். பொடி ஸ்பிரிங் ஒன்று துள்ளி விழ, நாற்காலிக்கடியில் தவழ்ந்து தேடி எடுத்தான். போன உயிர் திரும்பி வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பரபரவென்று எல்லாவற்றையும் பூட்டினான். தண்டவாளத்தில் ஏற்றி, மூன்று பெட்டிகளைப் பின்னால் கோத்து, ரயிலை ஓட்டும் குமிழை முன்பக்கம் லேசாகத் திருகினான். திக்கல் இல்லை, திணறல் இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது.

பின்பக்கமாக.

காந்தத்தைத் திருப்பிப் போட்டு மாட்டித் தொலைத்திருக்கிறான். முன்னால் போகச் சொன்னால் வண்டி பின்னால் போகிறது. குமிழைத் திருப்பி வண்டியை நிறுத்தினான்; மறுபடி கழற்ற நேரமில்லை. செருப்புச் சத்தம் அறை வாசலுக்கே வந்துவிட்டது. பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான்.

மாமனார் ஈரத்தலையோடு வந்தார். நேரே போய்க் குமிழைத் திருகினார்.

பெட்டிகள் முதலில் போயின. என்ஜின் கடைசியில் நின்று அவற்றைத் தள்ளிக்கொண்டு, அவர் மூக்குக்குக் கீழேயே ஊர்ந்தது.

மாமனார் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். முகம் மலர்ந்தது.

“பார்த்தீங்களா மாப்பிள்ளை! என்ஜின் முன்னாடி, மூணு பெட்டியும் அது பின்னாடி... என்ன அழகா இழுத்துட்டுப் போகுது!”

வாசலில் வந்து நின்ற அவன் மனைவி ரயிலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் அவன் அவசரமாகக் கையமர்த்தினான்.

எண்ணெய் ஏன் கிண்ணத்தோடு கவிழ்ந்தது என்று இப்போது புரிந்தது; அவருக்குக் கண் தெரியவில்லை. இந்த மனுஷர் இப்போது வாய் நிறையத் திட்டிவிடக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

“ஆமா மாமா,” என்றான். “நல்லா இழுக்குது.”